செய்ந்நன்றி அறிதலும் அறிவித்தலும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் புதியதன்று, கடினமானதும் அன்று. நமக்கு உதவி செய்தார்க்கு நன்றி கூறுவது எங்ஙனம் என்பதே அது. ‘இதற்கு ஒரு சொற்பொழிவும் வேண்டுமோ? நன்றி என்னும் மூன்றெழுத்தைச் சொல்லத் தெரியாதார் யாவர்?’ என்று உங்களுட் சிலர் நினைத்தல் கூடும். சொல்லத் தெரியாதார் இலர் என்பது மெய்யே. ஆனால், அம்மூன்றெழுத்தைச் சொல்லிவிட்ட அளவிலே கடமை முடிந்தது என்று கருதுவார் பலர். அதனால் விளையும் கேடு சிறிதன்று. அக்கேடு உதவி செய்தாரை மட்டும் சார்வதன்று; இனி உதவி வேண்டி வருவாரையும் சாரும். ஆதலின், இதனைச் சிறிது ஆராய்தல் பயனுடைத்து.

முதற்கண் சொல்லை நோக்குவோம். நன்றி என்பது நன்மை என்னும் பொருட்டு. திருவள்ளுவர் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அது திருக்குறளின் 11-ஆம் அதிகாரம். அங்கே நன்றி என்றது பிறர் நமக்குச் செய்த நன்மையையே அன்றி, நாம் அவர்க்குத் திருப்பிச் சொல்லும் உபசார மொழியை அன்று. அந்நன்மையை அறிதலே நம் பாலது. ஆகவே, இக்காலத்து நாம் ‘நன்றி’ என்று ஒரு சொல்லாற் கூறுவது, ‘நீர் செய்த நன்மை இன்னதென்று யான் அறிந்தேன்’ என்னும் நீண்ட தொடரின் குறுக்கமாக இருத்தல் வேண்டும்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிற் கூட்டங்களின் இறுதியில் ‘வந்தனோபசாரம்’ கூறுதல் வழக்கமாயிருந்தது. பின்னர் அதனிடத்தே ‘நன்றியுரை’ என்பது வந்தது. இம்மாற்றம் வடசொல்லுக்குத் தமிழ்ச்சொல் வந்த மாற்றம் மட்டும் அன்று. வந்தனம் என்பது வணக்கம். வணக்கம் கூறுவதற்கு ஒன்றனையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை. கை குவித்தால் அமையும். நன்றி கூறுதற்கோ, செய்யப்பட்டது யாது, செய்தவர் யாவர், அதனால் விளைந்தது யாது என்னும் மூன்றனையும் அறிந்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத நன்றி, முகவரி எழுதாத கடிதத்தை ஒக்கும்.

நம் ஊர்ப்புறத்து மக்கள் உற்றார் உறவினர்க்கு நன்றி என்று சொல்வதில்லை. மாமன் மகன் வந்து ஒருநாள் முழுதும் ஏர் பூட்டி உழுது கொடுத்தால், அவனை நோக்கி ‘நன்றி’ என்பது அவனை அயலானாக்கியதாகும். அவன் வீட்டுக் கூரை வேயும் நாளில் நாம் சென்று நிற்றலே அதற்கு மறுமொழி. முதியவளாயின், ‘உன் பிள்ளைகுட்டிகள் நன்றாயிருக்க வேண்டும்’ என்று வாழ்த்துவாள், அவ்வளவே. இது குறையன்று. ஏனெனின், ஊரில் உதவி செய்தவன் அதன் பயனைத் தன் கண்ணாலேயே காண்கின்றான். தான் உழுத வயலில் நாற்றுப் பிடித்ததும், கதிர் முற்றியதும், களத்தில் நெல் குவிந்ததும் அவனுக்கு ஒருவர் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. அவன் செய்த நன்மை அவனெதிரே நடமாடுகின்றது.

இக்காலத்திலோ நமக்கு உதவுவாரிற் பெரும்பாலார் நாம் முகமறியாதவர். ஒரு விண்ணப்பத்தை எங்ஙனம் நிரப்புவது என்று ஒருவரைக் கேட்கின்றோம். ஒரு நோய்க்கு எந்த மருத்துவரிடம் செல்வது என்று மற்றொருவரைக் கேட்கின்றோம். மகன் மேற்படிப்புக்கு எக்கல்லூரி தக்கது என்று வெளியூரிலிருப்பவரைத் தொலைபேசியில் வினவுகின்றோம். அவர்களும் தம் அலுவலை நிறுத்திவிட்டு, ஊதியம் ஒன்றும் வேண்டாது, தாம் அறிந்ததைச் சொல்லுகின்றனர். பிறகு நாம் நம் வழியே போய்விடுகின்றோம். அவர்க்கு நம் வயலும் தெரியாது, நம் களமும் தெரியாது. தாம் இட்ட வித்து முளைத்ததோ, மண்ணில் மக்கியதோ என்று அவர் அறிவதற்கு நம் வாயன்றி வேறு வாயில் இல்லை. ஆகையால், உறவினரிடத்து மிகையாகத் தோன்றும் சொல், அயலாரிடத்து இன்றியமையாததாகின்றது. அறிதல் மட்டும் போதாது, அறிவித்தலும் வேண்டும்.

அறிவியாமையால் வரும் இழப்பு யாது என்பதற்கு யாம் நேரே கண்ட ஒன்றைக் கூறுவோம். எமக்குத் தெரிந்த, ஓய்வு பெற்ற அஞ்சல் நிலைய எழுத்தர் ஒருவர் உளர். அவர் பல்லாண்டுகள் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஏழை மாணவர்க்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை எழுதிக்கொடுத்து வந்தார். ஒருவரிடமும் காசு பெற்றதில்லை. திடீரென்று அப்பணியை அவர் விட்டுவிட்டார். உடல் நலக்குறைவோ என்று யாம் சென்று வினவினோம். அவர் கூறியது இது:

‘புலவரையா! உடம்புக்கு ஒன்றும் இல்லை. இத்திண்ணையில் அறுபது பிள்ளைகளுக்கு மேல் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். போகும்போது அத்தனை பேரும் நன்றி சொன்னார்கள். பணம் வந்ததா, இல்லையா என்று திரும்பி வந்து சொன்னவர்கள் நாலே பேர். வந்தது என்று தெரிந்தால் அடுத்த பிள்ளைக்கும் அப்படியே எழுதுவேன். வரவில்லை என்று தெரிந்தால் எங்கே பிசகு என்று பார்ப்பேன். இரண்டும் தெரியாமல் எத்தனை நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவது? நான் எழுதுவதே தப்பாக இருந்தால் பிள்ளைகள் வாழ்வல்லவா கெடும்?’

அன்பர்களே! அப்பெரியவர் புகழ் வேண்டினாரல்லர், மாலை வேண்டினாரல்லர். தம் உதவி உதவியாயிற்றா என்று அறிய வேண்டினார். அவ்வறுபதின்மரும் நன்றி என்னும் சொல்லைக் குறைவறச் சொன்னார்கள். ஆயினும் அவர்க்கு வேண்டியது கிட்டவில்லை. அவர் திண்ணை வெறுமையானபின், அறுபத்தோராவதாக வந்த சிறுவன் யாரிடம் சென்றானோ! முன்னோர் சொல்லாமற் போன செய்திக்குப் பின்னோன் விலை கொடுக்கின்றான். நன்றி அறிவித்தல் இருவர்க்கிடையே நிகழும் உபசாரம் அன்று; ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்ந்து போகாமற் காக்கும் பணி என்பதை இதனால் உணர்தல் வேண்டும்.

இனி, அறிவிக்கும் முறைகளைக் கூறுவாம். 

முதலாவது காலம். ஒருவர்க்கு உதவி வேண்டிக் கடிதம் எழுதும்போதே, அதன் இறுதியில் ‘முன்கூட்டியே நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று எழுதும் வழக்கம் ஆங்கிலக் கடிதங்களைப் பார்த்து நம்மிடையே பரவியது. இது மரியாதை போலத் தோன்றினும், சரக்குக் கைக்கு வாராமுன்னே பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்ததை ஒக்கும். செய்யப்படாத நன்மையை எங்ஙனம் அறிவது? மேலும், ‘இனி நான் உமக்கு ஒன்றும் எழுதவேண்டுவதில்லை, நன்றியும் சொல்லியாயிற்று’ என்னும் குறிப்பும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. கேட்கும்போது ‘அன்புகூர்ந்து உதவுக’ என்னும் வேண்டுகோளே தக்கது. நன்றி பின்னர் வருவது.

இரண்டாவது பொருள். ‘எல்லாவற்றிற்கும் நன்றி’ என்பதனினும், ‘நீங்கள் சொன்னவாறு வருமானச் சான்றிதழை முதலில் வாங்கினேன், அதனால் விண்ணப்பம் தடையின்றி ஏற்கப்பட்டது’ என்பது நூறு மடங்கு சிறந்தது. முன்னது காற்றிற் கலக்கும். பின்னது கேட்டவர் உள்ளத்தில் நிற்கும். அவர் சொன்னவற்றுள் எது பயன்பட்டது என்பதும் அதனால் அவர்க்கு விளங்கும்.

மூன்றாவது முடிவு. உதவி பலித்தாலும் பலியாவிட்டாலும் திரும்பிச் சென்று கூறுதல் வேண்டும். பலியாதபோது கூறுவது எங்ஙனம் என்று பலர் நாணி ஒதுங்குகின்றனர். அது வேண்டா. ‘தாங்கள் கூறிய மருந்தகத்திற்குச் சென்றோம், அங்கே அம்மருந்து இல்லை, வேறிடத்தில் வாங்கினோம், தாங்கள் எடுத்துக்கொண்ட முயற்சியை மறவோம்’ என்றால் அதிற் குறை யாதுளது? உதவியின் அளவு அதன் பயனால் மட்டும் ஆவதன்று. செய்தவர் தம் பொழுதையும் மனத்தையும் கொடுத்தனர். அவை திரும்பி வாரா. அன்றியும், அடுத்து வருவானை அவர் வேறிடத்திற்கு அனுப்புவதற்கும் அச்செய்தி துணையாகும்.

இம்மூன்றாவது முறையை மறத்தலால் நேரும் துன்பத்தைக் குருதிக்கொடை பற்றிய செய்திகளில் நாள்தோறும் காண்கின்றோம். ‘இன்ன மருத்துவமனையில் இன்னார்க்கு இன்ன வகைக் குருதி உடனே வேண்டும்’ என்று கைப்பேசியில் ஒருவர் செய்தி விடுக்கின்றார். அதனை நூற்றுவர் ஆயிரவர்க்கு அனுப்புகின்றனர். அன்று மாலையே குருதி கிடைத்துவிடுகின்றது. ஆனால், ‘கிடைத்தது, இனி வேண்டா’ என்னும் செய்தி புறப்படுவதில்லை. முதற்செய்தியோ நின்றபாடில்லை, திங்கள் பல கழிந்தும் ஊர் ஊராய்த் திரிகின்றது. அதனை மெய்யென்று நம்பி ஒருவர் வேலையை விட்டுப் பேருந்தேறிச் சென்று, வாயிலில் ஏமாந்து திரும்புகின்றார். மறுமுறை மெய்யாகவே ஓர் உயிர் ஊசலாடும்போது அவர் எழுவாரோ? நம் நாட்டு விதிப்படி ஆடவர் 90 நாட்களுக்கு ஒருமுறையும், பெண்டிர் 120 நாட்களுக்கு ஒருமுறையுமே குருதி கொடுத்தல் கூடும். அத்துணை அருமையான கொடையை அழைப்பார் அதனை முடித்துவைக்கவும் கடமைப்பட்டவர். தேவை தீர்ந்தது என்று உடனே அறிவிப்பதே அங்கே முதல் நன்றி.

நான்காவது, கைம்மாறாகப் பணத்தை நீட்டாமை. அன்பினாற் செய்தவரிடம் ‘எவ்வளவு வேண்டும்?’ என்று கேட்டல், அவரைக் கூலிக்காரராக்குவதாகும். குருதிக்கொடையில் இது சட்டத்தாலும் விலக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பின்படி, 1998 சனவரி முதல் நாள் தொடங்கிப் பணத்திற்குக் குருதி விற்றல் நம் நாட்டில் ஒழிக்கப்பட்டது. கொடையாளியின் வழிச்செலவு அறிந்து அவரைப் பத்திரமாக வீடு சேர்ப்பது வேறு. விலை பேசுவது வேறு.

ஐந்தாவது, பெயர் கூறல். உதவியவர் பெயரைப் பலரறியக் கூறுதல் சிறப்பே. ஆயினும் அவர் இசைவு பெற்றே கூறுதல் வேண்டும். மறைவாகக் கொடுக்க விரும்புவாரும் உளர். அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நாம் பலர்க்குப் பரப்பிவிட்டால், நாளை முதல் அவர் உறக்கம் கெடும். நன்றி கூறப் புகுந்து தொல்லை கொடுத்தவராவோம்.

இவ்வறம் பெரியோரிடத்து எங்ஙனம் விளங்கியது என்பதற்கு இரண்டு வரலாறு கூறுவாம். ஒன்று நம் நாட்டது. மற்றொன்று கடல் கடந்தது.

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் (1855-1942) கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக 1880-இல் அமர்ந்தார். அவ்விடத்தை அவர்க்கு வாங்கித் தந்தவர், அதிலிருந்து ஓய்வு பெற்ற தியாகராச செட்டியார். அவ்வாண்டிலேயே, முன்சீபாக அங்கு வந்த சேலம் இராமசுவாமி முதலியார் ஐயரைச் சீவகசிந்தாமணியின்பால் திருப்பினார். அந்நூல் சமண காவியம். சைவ நூல்களிலே பயின்ற ஐயர்க்கு அதன் சமயப் பொருள்கள் விளங்கவில்லை. அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். நூல் 1887-இல் அச்சேறியது.

இவ்வுதவிகட்கு ஐயர் நன்றி அறிவித்த முறையை நோக்குக. ஏட்டுப்பிரதி உதவினார் பெயரையும் ஊரையும் தம் பதிப்புக்களின் முகவுரையில் வரிசையாக எழுதினார். அவ்வரிசை உதவினார்க்குப் புகழாவதோடு, இன்ன ஏடு இன்ன இடத்தது என்று பின்வரும் ஆராய்ச்சியாளர்க்கு வழிகாட்டியும் ஆயிற்று. திருவல்லிக்கேணியில் வாழ்ந்த தம் இல்லத்திற்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயரிட்டார். அவ்வில்லம் 2012-இல் இடிக்கப்பட்டது. ஆயினும் அப்பெயர் இன்றும் தமிழறிந்தார் நாவில் நிற்கின்றது. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்தார். ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தபின்னும் மறவாமல் 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் அவர் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். இராமசுவாமி முதலியாரை முதலிற் கண்ட நாளில் தாம் அறியாதிருந்தவை இவை என்பதனையும் தம் சுயசரிதத்தில் ஒளியாமற் கூறினார். உதவி பெற்றவன் தன் அறியாமையை மறைத்தால், உதவியின் அளவு பிறர்க்கு எங்ஙனம் தெரியும்? இங்குச் சொல்லப்பட்ட உதவியாளர் ஒரு குலத்தவரல்லர், ஒரு சமயத்தவருமல்லர் என்பதனையும் நாம் கருதுதல் வேண்டும். உதவி வந்த வழியை நோக்கி நன்றியைக் கூட்டுவதும் குறைப்பதும் சான்றோர்க்கு இயல்பன்று.

இனிக் கடல் கடந்த வரலாறு. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதிக்கு ஜேம்ஸ் மர்ரே என்பார் 1879-இல் ஆசிரியரானார். நூல்களைப் படித்துச் சொல்லாட்சிகளைத் தாள்களில் எழுதி அனுப்புமாறு அவர் பொதுமக்களை வேண்டினார். முகமறியாத பலர் ஊதியமின்றி அஞ்சல் வழியே எழுதி அனுப்பினர். கடிதப் போக்குவரவின் மிகுதியால், ஆக்ஸ்போர்டில் அவர் வீட்டு வாயிலிலேயே ஓர் அஞ்சற்பெட்டி நாட்டப்பட்டது. முதற் பாகத்தின் முகவுரையில் மர்ரே அவ்வன்பர்களைப் பெயர் சொல்லிக் குறித்தார். இன்னார் இத்தனை மேற்கோள் அனுப்பினார் என்று தொகையும் காட்டினார். தாமஸ் ஆஸ்டின் என்பவர் அனுப்பியவை 1,65,000. ‘உதவிய அனைவர்க்கும்’ என்று ஒரு தொடரால் முடித்துவிட அவர் மனம் இசையவில்லை.

அவ்வுதவியாளருள் ஒருவர் பிட்ஸெட்வர்ட் ஹால் என்னும் அமெரிக்கர். அவர் காசி அரசினர் வடமொழிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். பின்னர் இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் தனித்து வாழ்ந்தார். அங்கிருந்தே 1901-இல் இறக்கும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் அகராதியின் அச்சுப்படிகளை நாள்தோறும் பல மணிநேரம் திருத்தி அனுப்பினார். அவர் கூலி பெற்றதில்லை. ஆனால், தாம் திருத்தியவை அச்சேறி வருவதையும், தம் பெயர் முகவுரையில் மதிப்போடு குறிக்கப்படுவதையும் கண்டார். பத்துப் பாகமாகப் பேரகராதி 1928-இல் நிறைவெய்தியது. மர்ரே 1915-இலேயே மறைந்தார். இருவரும் முடிவைக் காணவில்லை. ஆயினும் செய்த பணி பயன்படுகின்றது என்னும் உறுதி இருவர்க்கும் இருந்தது. நம் திண்ணைப் பெரியவர்க்குக் கிட்டாதது அவ்வுறுதியே.

இவ்வளவும் கூறியபின் ஓர் எல்லையையும் கூறாதொழிதல் முறையன்று. செய்ந்நன்றி அறிதலை அடுத்து வள்ளுவர் வைத்த அதிகாரம் யாது? நடுவு நிலைமை. ஏன் அவ்வாறு வைத்தார் என்பதற்குப் பரிமேலழகர் காரணம் காட்டுகின்றார். ஒருவர் செய்த நன்மையை நினைத்தவிடத்து நடுவுநிலை குலைதல் இயல்பு. அவ்விடத்தும் குலைதலாகாது என்பதே அவர் கருத்து. இது நம்போல்வார்க்குப் பெரிதும் வேண்டுவது. எமக்கு ஒருவர் உதவினார் என்பதற்காக அவர் மகனுக்கு யாம் தேர்வில் மதிப்பெண் கூட்டினால், அது நன்றியன்று; மற்ற மாணவரின் பொருளைத் திருடி எம் கடனை அடைத்ததாகும். ஒருவர் நிதி அளித்தார் என்பதற்காகச் சங்கக் கணக்கை அவரிடம் கேளாதிருத்தலும் அத்தகையதே. நன்றியை நம் கையிருப்பிலிருந்தே செலுத்துதல் வேண்டும். பொதுப் பொருளிலிருந்து அன்று. உதவி செய்தவரும் அதனைக் காட்டி நம்மை ஆட்கொள்ள நினைப்பின், ‘தாங்கள் செய்த நன்மையை என்றும் மறவேன், இதனை மட்டும் செய்ய இயலாது’ என்று பணிவோடு மறுத்தல் வேண்டும்.

‘அங்ஙனமாயின் கைம்மாறு செய்வது எவ்வாறு?’ என்பீராயின், கூறுவாம். மணவீட்டில் மொய் எழுதுகின்றோம். இன்னார் இத்தனை ரூபாய் என்று குறித்துவைத்து, அவர் வீட்டு மணத்தில் அதனைத் திருப்பிச் செய்கின்றோம். பணத்திற்கு அக்கணக்குப் பொருந்தும். அறிவால் உதவியவர்க்கு அது பொருந்தாது. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்க்கு நாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல் வேண்டா. அவரிடம் கற்றதை அடுத்தவனுக்குக் கற்பித்தலே அவர்க்குச் செலுத்தும் மொய். அதனையும் அவர்க்கு அறிவித்தல் வேண்டும்: ‘தாங்கள் எனக்குச் சொல்லியதை நான் என் ஊரில் மூவர்க்குச் சொன்னேன்.’ இதனினும் இனிய செய்தி ஓர் உதவியாளர்க்கு உண்டோ?

முடிவாக, சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் அலுவலகத்தில் வரவு செலவுப் புத்தகம் உளது. அதன் பக்கத்தில் ‘உதவிப் பதிவேடு’ என மற்றொன்றும் வைத்தல் நலம். கேட்டவர் யார், உதவியவர் யார், முடிவு யாது என்னும் மூன்று பத்திகள் போதும். மூன்றாவது பத்தி வெறுமையாக இருக்கும் இடந்தோறும், செயலாளர் கேட்டவர்க்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் விடுக்கலாம். சங்கத்தின் வழியே கல்வி உதவி பெறும் மாணவர் ஆண்டிறுதியில் ஒருமுறை, தாம் கற்றதும் தேர்ந்ததும் பற்றி அவ்வுதவியளித்தார்க்குத் தம் கைப்பட எழுதுமாறு பயிற்றலாம். தேர்வில் தவறினவரும் எழுதுதல் வேண்டும். அவர் கடிதமே முதன்மையாக வேண்டுவது. இதற்குப் பெருஞ்செலவு இல்லை. இதனால் மூடிய திண்ணைகள் சில திறக்கும் என்பது எம் துணிபு.

அன்பர்களே! உங்களுக்கு ஒரு காலத்தில் உதவி செய்து, அதன் முடிவு யாதாயிற்று என்று இன்றுவரை அறியாதிருப்பார் ஒருவரேனும் உங்கள் ஒவ்வொருவர்க்கும் இருப்பர். ஆண்டு பல கழிந்தன என்று கூச வேண்டா. இன்றிரவே அவரை நினைந்து, நடந்ததை நான்கு வரியில் அவர்க்கு எழுதுங்கள். இச்சொற்பொழிவைப் பொறுமையோடு கேட்டமைக்கு யாம் உங்களிடம் வேண்டுவதும் அதுவே. எழுதியபின் அவர் என்ன மறுமொழி கூறினார் என்பதை அடுத்த கூட்டத்தில் எமக்கும் அறிவியுங்கள்.